வழுக்காத தளம்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீ நலம் என்று நம்பித்தான் ஆரம்பிக்கிறேன். உன் பழைய எண்ணுக்கு அடித்தால் உபயோகத்தில் இல்லை என்கிறது. படகுத்துறை எழுத்தரிடம் மூன்று நாள் நச்சரித்து, நீ வேலை பார்க்கும் கப்பல் பட்டறையின் முகவரியை வாங்கினேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை படித்தாயே, அதற்கே உனக்குப் புண்ணியம்.

நானும் வாலுவும் சௌக்கியம். அவளுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. வாய் முழுக்கக் காற்றாகப் பேசுகிறாள். "சித்தப்பா முட்டி இப்ப மடங்குதா?" என்று வாராவாரம் கேட்கிறாள். எனக்கும் அதே கேள்விதான். நீ இருக்கும் இடத்தில் குளிர் அதிகம் என்று எழுத்தர் சொன்னார். முறிந்த எலும்பு குளிருக்கு வலிக்குமாமே. ஈரத்தில் நின்று வேலை செய்யாதே. அப்படியே செய்தாலும் முட்டிக்குக் கம்பளி சுற்றிக்கொள்.

உன் அண்ணனைப் பற்றி நீ கேட்கமாட்டாய். நானே சொல்கிறேன்.

நீ கிளம்பிய மறுவாரமே பயணிகளை ஏற்றிப் போகும் நம் கேட்டமரான் பாய்ப்படகைக் கரையேற்றினார். தளத்தில் இருந்த பழைய பெயின்ட் முழுவதையும் ஒற்றை ஆளாகச் சுரண்டினார். புதுப் பெயின்ட் அடித்து, அது ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவி, காய்ந்ததும் உதிரியைப் பெருக்கித் தள்ளி, மேலே இன்னொரு கோட் அடித்தார். இந்தப் பதினான்கு மாதத்தில் இதையே மூன்று தடவை செய்துவிட்டார். பயணிகள் வெயிலுக்குப் பூசிக்கொள்ளும் க்ரீம் தளத்தில் படிந்து வழுக்குகிறது என்று, ஒவ்வொரு சவாரி முடிந்ததும் சோப்புத் தண்ணீர் ஊற்றி முரட்டு பிரஷ்ஷால் தேய்ப்பார். பார்க்கப் பளபளப்பாக இருக்கட்டும் என்று யாரோ மெழுகு போடச் சொல்லப் போக, அந்த ஆளைப் படகை விட்டே இறக்கிவிட்டார். வெறுங்காலில் நடந்த ஒரு பயணி, "இது படகா, உப்புத்தாளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு கயிறு. உப்பு ஏறி விறைத்துப் போய்விட்டதாம். எல்லாவற்றையும் தலையணை உறைகளில் போட்டுக் கட்டி நல்ல தண்ணீரில் ஊற வைத்து, படுக்கை அறையில் நிழலில் காயத் தொங்கவிட்டார். குனியாமல் யாரும் கட்டில் பக்கம் போக முடியாது. என் துணிமணிக்கு இந்த வீட்டில் அவ்வளவு மரியாதை கிடைத்ததே இல்லை. அதுவும் சரிப்படவில்லை என்று, ஒரு சுற்றுப் பருமனான புதுக் கயிறு வாங்கினார். இந்தப் பாய்க்கு இவ்வளவு தடிமன் எதற்கு என்று கடைக்காரர் கேட்டாராம். கேட்டது பிடிக்காமல் கடையையே மாற்றிவிட்டார். அப்புறம் கையுறை. உள்ளங்கையில் தோல் வைத்தது, நான்கு ஜோடி.

தம்பிக்கு அடிபட்டதிலிருந்து மனுஷன் எவ்வளவு ஜாக்கிரதையாகிவிட்டார் என்று துறையில் எல்லோரும் மெச்சினார்கள். எனக்கு மட்டும் மெச்ச முடியவில்லை.

நீ விழுந்த அன்றைக்கு நான் துறையில்தான் நின்றுகொண்டிருந்தேன். பாய்க்கயிறு அவர் கையில் இருந்தது. நீ பாய்மரத்தடியில் நின்றாய். கயிறு சர்ரென்று ஓடியது, பாயின் அடிக்கட்டை வீசித் திரும்பியது, நீ விலகித் தாவினாய், கால் வழுக்கி விழுந்தாய். முட்டி நொறுங்கிய வலியிலும் நீ சொன்னது ஒன்றுதான். "அண்ணே, உன் கை விட்டுடுச்சு. நான் பார்த்தேன்." அவரோ தளத்தைக் காட்டினார். காலையில் கழுவாமல் விட்டது உன் தப்பு என்றார். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தவனிடம், "இனிமே என் படகுல கால் வைக்காதே" என்று சொன்னதையும் கேட்டேன். பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி நின்றேன்.

தம்பி, இதை எழுதத்தான் இந்தக் கடிதம். உன் பக்கம் நியாயம் இருந்தது என்று எனக்கு அப்போதே தெரியும். நீ விழுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே அவருக்கு வலது கையால் வாசல் பூட்டைத் திறக்க வரவில்லை. இடது கையால் திறப்பார். சட்டைப் பொத்தான் போட முடியாமல், தலைவழியாக மாட்டும் பனியன்களுக்கு மாறினார். ஊறுகாய் பாட்டிலைத் திறக்கக் கொடுத்தால், "கை ஈரமா இருக்கு" என்பார். துடைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னதில்லை. பாட்டிலை வாங்கி நானே திறந்து வைத்துவிடுவேன். ஆஸ்பத்திரியில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ போயிருக்கமாட்டாய். அவர் முகத்தைப் பார்த்தேன், சொல்ல வாய் வரவில்லை. புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைத்து உன்னை விட்டுக்கொடுத்துவிட்டேன்.

(நேற்று இதற்கு மேல் எழுத முடியவில்லை. இப்போது வாலு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள், அவர் தூங்குகிறார்.)

நீ போன பிறகு படகில் நீ நின்ற இடத்தில் நான்தான் வேலை செய்தேன். போன மாதம் எட்டுப் பயணிகள், மத்தியானம், நடுத்தரக் காற்று. கயிறு புதுசு, காய்ந்திருந்தது. கையுறை போட்டிருந்தார். தளத்துக்கு மணல் அடித்துப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை. அப்படியும் கயிறு ஓடியது. அடிக்கட்டை ஒரு அம்மாளின் தலைக்குமேல் ஒரு சாண் உயரத்தில் போயிற்று. நான் பாய்ந்து கயிற்றைப் பிடித்தேன். இரண்டு உள்ளங்கையும் உரிந்துவிட்டன. இப்போது ஆறிவிட்டது, கவலைப்படாதே. அவர் அப்படியே நின்று தன் கையைப் பார்த்தார். சுக்கானை அக்குளில் இடுக்கிக்கொண்டு கரைக்கு வந்தார். ஒவ்வொரு பயணியிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார்.

எல்லோரும் போன பிறகு தளத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினார். கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றிக் குழியாகியிருந்தது. "அவன் சரியாத்தான் பார்த்திருக்கான்" என்றார். பிறகு, "முட்டிய உடைச்சதும் நான், பழியப் போட்டதும் நான்" என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

டாக்டரிடம் போனோம். ஊசி குத்தி, மின்சாரம் வைத்து, நாள் பூராவும் பரிசோதனை. நரம்பு வியாதி என்றார்கள். திரும்பி வராதாம். இடது கையிலும் ஆரம்பித்துவிட்டது. பிறகு என்னை மட்டும் தனி அறைக்குக் கூப்பிட்டு, கைக்கு அப்புறம் எதெது என்றும், எவ்வளவு காலம் என்றும் சொன்னார்கள். அதை இங்கே எழுதவில்லை. நீ வந்தால் நேரில் சொல்கிறேன். உன் அண்ணன் அதை என்னிடம் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து வாலுவுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க அவசரப்படுகிறார்.

படகை வாங்க ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். கொடுத்துவிடலாம் என்றேன். "அவனும் அதுக்குப் பாதிச் சொந்தக்காரன், அவனக் கேக்காம எப்படி" என்கிறார். உன்னை எப்படிக் கேட்பது என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. நான் எழுதுவதும் அவருக்குத் தெரியாது.

தம்பி, என்மேல் உனக்கு இருக்கும் கோபம் இருக்கட்டும், அது நியாயம்தான். நான் அதற்கு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. நீ வா. லீவு கிடைக்காது என்றால் பட்டறை முதலாளிக்கு நானே எழுதுகிறேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதே.

வரும்போது அவர் கையை நீட்டாமல் நின்றால், இன்னும் வீம்பு என்று நினைத்துவிடாதே. விரல் மடங்குவதில்லை, அவ்வளவுதான். தொட்டால் நன்றாகத் தெரிகிறது என்று டாக்டரிடமே சொன்னார். நீயாகவே போய்ப் பிடித்துக்கொள். நீ பிடித்தால் அவருக்குத் தெரியும்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்ளும்,
உன் அண்ணி.