வெட்டுப்பலகையில் ஓர் இதயம்

கறிக்கடைக்காரரே,

நம் குட்டிப் பிள்ளையை ரத்தப் பரிசோதனைக்குத் தூக்கிப் போகிறேன். ஊசி போட்ட மயக்கத்தில் தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. சோறு அடுப்பில் இருக்கிறது. நெற்றித் தையலை நனைக்காதீர்கள்.

நேற்று வெட்டுப்பலகையை உங்கள் மேல் எறிந்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். பிள்ளைக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை என்று நான் அழுதுகொண்டிருக்கிறேன். நீங்கள் கடையிலிருந்து ஆட்டு இதயத்தைக் கொண்டுவந்து, என் சமையலறையில் பிளந்து, அதன் நடுச்சுவரில் கத்தியால் குத்தி, அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு, "இவ்ளோதான்டி, பாரு" என்கிறீர்கள். கத்தி என் கைக்கு எட்டியிருந்தால் அதைத்தான் எறிந்திருப்பேன்.

உங்கள் அக்கா வந்தால், கதவில் இடித்துக்கொண்டேன் என்று கதை விடாதீர்கள். பெண்டாட்டிதான் மண்டையை உடைத்தாள் என்றே சொல்லுங்கள்.

பி.கு.: டாக்டர் மூன்று முறை படம் வரைந்து சொல்லியும் புரியாதது, உங்கள் விரலைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அந்த ஆத்திரம்தான்.

இன்னொன்று. தரையில் விழுந்த அந்த இதயத்தைக் கழுவி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். நேற்று ஓட்டையை மட்டும்தான் காட்டினீர்கள். நாளை பிள்ளையின் ஆபரேஷனுக்கு முன்னால் அதைத் தைத்து மூடியும் காட்டுங்கள். ஊசியில் நூல் கோத்து மேசைமேல் வைத்திருக்கிறேன்.