தமிழில் இல்லாத வரி

துன், சுவிஸ், 12.01.2026

எங்கள் குடியிருப்பின் எல்லா வீட்டாருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு தொடக்கம் நம் அயலுக்கு மின்சாரம் ஒரு புதிய வழியிலும் கிடைக்கப்போகிறது. பாடசாலைக் கூரையிலும் உங்கள் மூன்று கட்டடங்களின் கூரைகளிலும் சூரியத் தகடுகள் பூட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றிலிருந்து வரும் மின்சாரத்தை 'கூரைமின் கூட்டுறவு' உங்கள் வீடுகளுக்குத் தரும். இங்கே குடியிருப்பவர்களே சேர்ந்து இதை நடத்துகிறார்கள். முதலாளி என்று ஒருவர் இல்லை. வாடகைக்கு இருப்பவரும் உறுப்பினராகலாம். ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கு.

சேருவது உங்கள் விருப்பம். சேராதவர்களுக்கு இப்போது இருப்பதுபோலவே எல்லாம் தொடரும். சேர்ந்தவர்களுக்கு வெயில் நேரத்தில் கூரையிலிருந்தும், மற்ற நேரத்தில் பழைய நிறுவனத்திடமிருந்தும் மின்சாரம் வரும். பனிக்காலத்தில் கூரை மின்சாரம் குறைவு என்பதையும் சொல்லிவைக்கிறோம். சேருகிறவர்களின் மின்மானியை இலவசமாக மாற்றித் தருவோம்.

இணைத்திருக்கும் படிவத்தில் கையெழுத்து வைத்து பெப்ரவரி 28க்கு முன் அனுப்புங்கள். ஜெர்மன் கடிதமும் இதனுடன் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள்.

கூட்டுறவுக்காக,
யாதவி குகநாதன்
தகவல் பொறுப்பு

பி.கு.: அப்பா, இதை உங்கள் பிரதியில் மட்டும் பேனையால் எழுதுகிறேன். தமிழ்க் கடிதத்தை அலுவலகத்தில் என்னிடம்தான் தந்தார்கள். உங்கள் கட்டடம் என்று தெரிந்ததும் வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. நலமாக இருக்கிறீர்களா?


துன், 19.01.2026

மதிப்புக்குரிய கூட்டுறவு அலுவலகத்தாருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அடியில் கையெழுத்து வைத்திருப்பவர் என் மகள். ஏழு வருடமாக அவருடன் நான் கதைப்பதில்லை. ஆகவே அலுவலகத்துக்கே எழுதுகிறேன்.

கூட்டுறவு என்றதும் எங்கள் வயதுக்காரருக்குச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றதுதான் ஞாபகம் வரும். உங்கள் கூட்டுறவில் வரிசை இருக்காது என்று நம்புகிறேன்.

எனக்கு ஒரு கேள்விதான். ஜெர்மன் கடிதம் இரண்டு பக்கம் முழுதாக இருக்கிறது. தமிழ்க் கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. ஜெர்மனில் உள்ளது எல்லாம் தமிழில் இருக்கிறதா? இந்தக் கட்டடத்தில் பதினொரு தமிழ் வீடுகள். மற்றவர்கள் தமிழை மட்டும் வாசித்து நம்பிக் கையெழுத்து வைத்துவிடுவார்கள். அதனால் கேட்கிறேன்.

நலம் விசாரித்ததற்கு நன்றி. நலம்.

இப்படிக்கு,
சி. குகநாதன்
வீடு 14


பேர்ண், 24.01.2026

அன்புள்ள அப்பாவுக்கு,

அலுவலகத்துக்கு நீங்கள் எழுதிய கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். தமிழில் எழுதினால் அது என்னிடம்தான் வரும் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. உறையில் உங்கள் கையெழுத்தைக் கண்டதும் மத்தியானம்வரை அதைப் பிரிக்கவில்லை. உள்ளே 'என் மகள்' என்று எழுதியிருந்தீர்கள். கேள்வியை விட்டுவிட்டு அந்த இடத்தையே வாசித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் தொலைபேசியை எடுப்பதில்லை என்பதால் எனது செய்திகள் எதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. படிப்பை முடித்துவிட்டேன். பட்டம் தருகிற நாளுக்கான அழைப்பை உங்கள் தபால்பெட்டியில் நானே வந்து போட்டேன். மண்டபத்தில் என் பக்கத்தில் ஒரு கதிரை பிடித்து வைத்திருந்தேன். தொடங்கும் நேரத்தில் ஒரு பெண் வந்து, அதில் தன் கோட்டை வைக்கலாமா என்று கேட்டாள். ஓம் என்றேன். நம் குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். அதைச் சொல்லக்கூடிய ஆள் அங்கே யாரும் இருக்கவில்லை.

வியாழக்கிழமை பாடசாலை மண்டபத்தில் விளக்கக் கூட்டம். அறுபது பேர். எனக்குக் குரல் எழும்பவில்லை. பின்னால் இருந்து ஒரு சுவிஸ் கிழவர் "சத்தமாக" என்று மூன்று தரம் கத்தினார். முன்வரிசையில் இருந்த சிவானுஜா அக்கா, "பயப்பிடாதை யாதவி, உவர் காது மெசினை வீட்டை வச்சிட்டு வந்திருக்கிறார்" என்றார். அதற்குப் பிறகுதான் கதைக்க முடிந்தது. தன் மாமியார் இரத்தினம்மா அன்ரி கையெழுத்து வைத்த படிவத்தையும் தந்தார். "கொப்பர் பல்கனியில நிண்டு மண்டபத்தையே பாத்துக்கொண்டு நிக்கிறார், இறங்கி வாறாரில்லை" என்று சொல்லிச் சிரித்தார். நான் யன்னலால் பார்த்தேன். இருட்டில் உங்கள் பல்கனி தெரியவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: முக்கியமான எதையும் நான் விடவில்லை. தொழில்நுட்ப விவரங்கள் சிலவற்றைச் சுருக்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

முழங்கால் நோ எப்படி இருக்கிறது? ஹோட்டலில் இன்னும் நின்றுதான் வேலையா?

அன்புடன்,
யாதவி


துன், 03.02.2026

யாதவி,

ஞாயிற்றுக்கிழமை ஜெர்மன் கடிதத்தையும் தமிழ்க் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு இரத்தினம்மாக்கா வீட்டுக்குப் போனேன். சிவானுஜா ஜெர்மனை வரிவரியாக வாசித்துச் சொல்ல, நான் தமிழில் விரலை வைத்துக்கொண்டு வந்தேன்.

"என்ன அங்கிள், வழக்குக்கோ போறியள்?" என்று கேட்டாள் சிவானுஜா.

"மகளின்ர எழுத்தில பிழை பிடிக்காட்டி அவருக்குச் சோறு இறங்காது" என்றார் இரத்தினம்மாக்கா.

இரண்டாம் பக்கத்தில் என் விரலுக்குப் போக இடம் இல்லை. ஜெர்மனில் இருந்தது இதுதான்: 'மின்மானி மாற்றும் நாளில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வீட்டில் மின்சாரம் இருக்காது. மருத்துவக் கருவி பாவிப்பவர்கள் தயவுசெய்து முன்கூட்டியே அறிவிக்கவும்.' திருப்பி வாசிக்கச் சொன்னேன். திருப்பி வாசித்தாள். தமிழில் அந்த வரி இல்லை.

நாங்கள் இருந்த இடத்தில் இரத்தினம்மாக்காவின் ஒட்சிசன் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. மார்கழியில் ஆஸ்பத்திரியால் தந்தது. உனக்குத் தெரிந்திருக்காது. "உது நிண்டால் நானும் நிண்டிடுவன்" என்று அவர் சிரித்தார். சிவானுஜா சிரிக்கவில்லை. மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், ஜெர்மன் நன்றாக வாசிக்கத் தெரிந்தவள். "யாதவி எழுதினது எண்டுதான் நான் ஜெர்மனைப் பாக்கேல்லை அங்கிள்" என்றாள்.

இரண்டு மணி நேரம் பெரிய விஷயம் இல்லை. முன்பே சொன்னால் ஒட்சிசன் போத்தல் கொண்டுவந்து வைப்பார்கள். நீ எனக்கு எழுதினாயே, 'முக்கியமான எதையும் விடவில்லை' என்று, அதுதான் விஷயம். எது முக்கியம் என்று நீயே தீர்மானிக்கிறாய். எனக்கு அது பயம்.

2018 புரட்டாதியில் பேர்ண் ஆஸ்பத்திரியில், அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, டொக்டர் சொன்னதை நீதான் எங்களுக்குத் தமிழில் சொன்னாய். மருந்து மாத்தப்போகினமாம் என்றாய். நான் நம்பிக்கொண்டு வேலைக்குப் போனேன். அம்மாவின் செத்தவீடு முடிந்து ஒரு மாதம் கழித்து, ஆஸ்பத்திரிக் கடிதத்தை வேறொருவர் வாசித்துச் சொல்லித்தான், டொக்டர் அன்றைக்கே ஆறு கிழமை என்று சொன்னது எனக்குத் தெரியவந்தது. உன்னைக் கேட்டேன். "ஓம், தெரியும்" என்றாய். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அன்றோடு விட்டதுதான்.

இப்போது கேட்கிறேன். அன்றைக்கு டொக்டர் சொன்னது முழுவதும் என்ன? ஒன்றையும் சுருக்காமல் எழுது.

அப்பா


பேர்ண், 09.02.2026

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் கடிதத்தின் கதை. நீங்கள் எழுதியதை என் பொறுப்பாளருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் ஏசவில்லை. திருத்தத்தை என் பெயரிலேயே எழுதி, என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். சனிக்கிழமை மற்றப் பத்து வீடுகளுக்கும் போய்க் கதவைத் தட்டி வாசித்துக் காட்டினேன். உங்கள் மாடியில் சிறிது நேரம் நின்றுவிட்டு, உங்கள் பிரதியைக் கீழே தபால்பெட்டியில் போட்டேன்.

'மின்சாரம் நிற்கும்' என்று கண்டாலே நம் ஆட்கள் கையெழுத்து வைக்கமாட்டார்கள் என்று நினைத்துத்தான் அந்த வரியை விட்டேன். அன்றைய நாளில் மின்னியலாளர் நேரில் சொல்லிக்கொள்வார் என்று எனக்கு நானே சொன்னேன். இரத்தினம்மா அன்ரி அதைக் கேட்டுவிட்டு, "கறண்ட் இல்லாமல் அஞ்சு வருஷம் யாழ்ப்பாணத்தில இருந்தனாங்கள், ரெண்டு மணித்தியாலத்துக்கோ பிள்ளை பயப்பிடப்போறம்?" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "எண்டாலும் சொல்லியிருக்கோணும்" என்றார். அவருடைய மூக்கில் இருந்த குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்தே தொலைபேசி எடுத்து, போத்தலுக்கு ஒழுங்கு செய்துவிட்டுத்தான் வந்தேன்.

இனி நீங்கள் கேட்டது.

டொக்டர் ஒரு பெண். அம்மாவின் கட்டிலில் இருந்துகொண்டு, அம்மாவைப் பார்த்துத்தான் கதைத்தார். அவர் சொன்னது இது: "சிகிச்சை வேலை செய்யவில்லை. ஈரலுக்குப் பரவிவிட்டது. இனிக் கிழமைக் கணக்குத்தான், ஆறு கிழமையாக இருக்கலாம். வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம். நீங்கள் விரும்பினால் வீட்டுக்குப் போகலாம். கட்டிலும் தாதியும் வீட்டுக்கே ஒழுங்குசெய்து தருவோம். வீட்டுக்குப் போக விருப்பமா?"

நான் உங்கள் இருவருக்கும் சொன்னது இது: "மருந்து மாத்தப்போகினமாம். கொஞ்ச நாள் எடுக்குமாம். இங்கயே இருக்கிறதுதான் நல்லதாம்."

கடைசி வசனம் டொக்டருடையது இல்லை, அப்பா. அது நான் சேர்த்தது.

டொக்டர் அம்மாவின் பதிலுக்காக என்னைப் பார்த்தார். இங்கேயே இருக்க விரும்புகிறார் என்று ஜெர்மனில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு போனார்.

உங்களுக்குத் துக்கம் தராமல் இருக்கத்தான் மறைத்தேன் என்று நீங்கள் இவ்வளவு காலமும் நினைத்திருக்கலாம். நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். உண்மை வேறு. நீங்கள் காலை ஐந்தரைக்கு வேலைக்குப் போய்விடுவீர்கள். அம்மா வீட்டுக்கு வந்தால் நான்தான் தனியாக அவருடன் இருக்கவேண்டும். பாடசாலையால் வந்து கதவைத் திறக்கும்போது அவர் செத்துக் கிடந்தால் என்ன செய்வேன் என்று நினைத்தேன். டொக்டர் கதைத்துக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்துக்குள் நினைத்தது அவ்வளவுதான். எனக்குப் பதினெட்டு வயது. பிறகு ஒவ்வொரு நாளும் திருத்திச் சொல்ல நேரம் இருந்தது. நாற்பத்துமூன்று நாள் இருந்தது. சொல்லவில்லை.

இதில் சுருக்கியது ஒன்றும் இல்லை.

உங்கள் மகள்,
யாதவி


துன், 27.02.2026

யாதவி,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமைக்கு மேல் ஆகிவிட்டது. அதைச் சிவானுஜாவிடம் காட்டவில்லை. யாரிடமும் கொடுத்துச் சரிபார்க்கவில்லை.

திருத்திய கடிதத்தை வாசித்தேன். படிவத்தில் கையெழுத்து வைத்து இன்று தபாலில் போட்டுவிட்டேன். கூட்டுறவு நல்ல காரியம். வெயில் எல்லாருக்கும் பொதுதானே. இரத்தினம்மாக்காவுக்கு இரண்டு போத்தல் வந்து, மேசைக்குக் கீழே இருக்கிறது. பூச்சாடி வைக்க இடம் போய்விட்டது என்று முறைப்பாடு.

உனக்குத் தெரியாத ஒன்றை நானும் எழுதவேண்டும்.

ஐப்பசி கடைசியில் ஒரு பின்னேரம், நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய், நான் வேலை முடிந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா என்னிடம், "இஞ்சேருங்கோ, என்னை வீட்டை கூட்டிக்கொண்டு போவியளோ?" என்று கேட்டார்.

"இங்க இருக்கிறதுதான் நல்லம் எண்டு டொக்டர் சொன்னதாப் பிள்ளை சொன்னவளெல்லே. சுகமாகட்டும், போவம்" என்றேன்.

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஓம். பிள்ளை அப்பிடிச் சொன்னவளெண்டால் சரி" என்றார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

பதினாறு வருஷம் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தவர். டொக்டர்மாருடைய ஜெர்மன் அவருக்கு முழுதாக விளங்கியிருக்காது. ஆனால் 'வீட்டுக்கு' என்ற சொல் விளங்கும். அந்த இல்லத்துக் கிழவர்கள் விடிந்தால் பொழுதுபட்டால் கேட்கிறது அது ஒன்றைத்தான் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். டொக்டர் மூன்று தரம் அந்தச் சொல்லைச் சொன்னதாக நீ எழுதியிருக்கிறாய். நீ தமிழில் சொன்னதில் வீடு இல்லை. கட்டிலில் கிடந்து இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தவர் அம்மா. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நீ இல்லாத நேரமாகப் பார்த்து, என்னிடம் ஒருமுறை கேட்டார். நான் உன் பெயரைச் சொன்னதும் விட்டுவிட்டார். உன்னை என்னிடம் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

இதை உனக்கு எழுதாமல் விட்டால் என்ன என்று ஒவ்வொரு நாளும் யோசித்தேன். பிள்ளை தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டு நானும் ஒரு வரியை விட்டால், பிறகு உன்னிடம் கேட்டதில் ஞாயம் இல்லை. எழுதிவிட்டேன்.

முன்பு உன்மேல் இருந்தது கோபம். அது இருந்தபோது எனக்குச் சுகமாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை. அப்போது நீ சின்னப்பிள்ளை என்று விளங்குகிறது. உன்னிடம் அப்படியொரு வேலையைத் தந்தவர்கள் நாங்கள் என்றும் விளங்குகிறது. ஆனால் உன்னைக் கண்டால், அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு முன்னால் வந்து நிற்கும். அது எனக்கு ஏலாது, பிள்ளை. இனி ஏலும் என்றும் நான் நினைக்கவில்லை.

மார்ச் பத்தொன்பதாம் தேதி மின்மானி மாற்ற வருகிறார்களாம். அவர்களோடு நீயும் வருவாய் என்று சிவானுஜா சொன்னாள். மின்மானிகள் எல்லாம் நிலவறையில்தான் இருக்கின்றன. மேலே வரத் தேவையில்லை.

அப்பா