பூட்டிய வீட்டில் ஆள் உண்டு

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நீ வேலை பார்க்கும் திட்ட அலுவலகத்துக் கணக்குப்படி நம் தெருவில் ஆளே குடியில்லையாம், பிறகு யார் சுகம் என்று எழுதுவது, நீயே சொல். நீ சுகமா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை அனுப்பிய போட்டோவில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, பள்ளி வேன் ஓட்டப் போகிறார். உன் தங்கைக்கு எட்டாம் மாதம் முடியப்போகிறது, கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை, அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு வீடெல்லாம் சரட்டு சரட்டென்று நடக்கிறாள்.

விஷயம் இதுதான். தெருமுனை ஆஸ்பத்திரியில் அடுத்த மாதத்திலிருந்து பிரசவம் பார்க்கமாட்டார்களாம். பரிசோதனைக்குப் போனபோது நர்ஸம்மா எங்கள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். கட்டில்களை ஊரின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோகிறார்களாம், இரண்டு பஸ் மாற வேண்டும். வலி எடுத்தவள் பஸ் ஸ்டாப்பில் நின்று சில்லறை தேடுவாளா? எனக்கு வந்ததே கோபம். ரொட்டிக் கம்பெனியில் அடுப்பு பார்க்கிற எதிர்வீட்டு அடுப்புக்காரரைக் கூட்டிக்கொண்டு நேராக நகராட்சிக்கே போய்விட்டேன், அவர் மருமகளும் முழுகாமல் இருக்கிறாள், உன் தங்கைக்கும் அவளுக்கும் ஒரே மாதம். அதிகாரி கம்ப்யூட்டரைத் திருப்பி வரைபடத்தைக் காட்டினார். ஊர் முழுக்கக் கலர், நம் தெரு மட்டும் வெள்ளை. அந்தத் தெருவுல முக்காவாசி வீட்டுல ஆளே இல்லையேம்மா, யாருக்கும்மா பிரசவ வார்டு என்று கேட்டார். அப்ப உங்க முன்னாடி நிக்கிறது யாரு, பேயா பிசாசா என்று கேட்டேன். அடுப்புக்காரர் வேட்டியைத் தூக்கி, கால் தரையில பாவுது, நல்லாப் பாத்துக்குங்க சார் என்றார். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, எங்க கையில ஒண்ணும் இல்லம்மா, தலைமை அலுவலகம் திருத்தினாத்தான் உண்டு என்று கையை விரித்துவிட்டார். அந்தத் தலைமை அலுவலகம் உன்னுடையது.

எப்படி நடந்தது என்று கேள். போன வருடம் கணக்கெடுக்க வந்தவர் காலை பத்து மணிக்கு வந்திருக்கிறார். நம் தெருவுக்கு அது நடுராத்திரி. ரொட்டிக் கம்பெனியில் இரவெல்லாம் மாவோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து ஆணும் பெண்ணும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கும் நேரம். எவனும் தட்டி எழுப்பக்கூடாதென்று முன்கதவில் வெளியே பூட்டைத் தொங்கவிட்டு, பின்கதவு வழியாகப் போய்வருகிறோம், இது ஊரறிந்த விஷயம். அவர் பூட்டைப் பார்த்துப் 'பூட்டிய வீடு' என்று எழுதினாராம், அதில் தப்பில்லை. மேலே உட்கார்ந்திருக்கும் எந்த மகராசனோ அதை 'ஆளில்லாத வீடு' ஆக்கிவிட்டான். இரண்டும் ஒன்றா? சாயங்காலம் இன்னொரு நடை வந்து தட்டினால் கை தேய்ந்துவிடுமா? இந்தக் கணக்கை நம்பித்தானே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பஸ், தண்ணீர் எல்லாம் எங்கே எவ்வளவு என்று முடிவு செய்கிறீர்கள்? விவரம் சரியில்லாமல் திட்டம் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிற மாதிரி என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்பாவுக்குப் பாடம் நடத்தினாயே, அவருக்கு அன்றே புரிந்துவிட்டது. உன் அலுவலகத்துக்கு எப்போது புரியும்?

இத்தனைக்கும் மேலே ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதுதான் என் வயிற்றெரிச்சல். தங்கச்சிய நெனச்சுக் கவலப்படாதீங்கம்மா, தனியார் ஆஸ்பத்திரியில இடம் சொல்லிவைக்கிறேன் என்றாய். பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள், அப்ப எதிர்வீட்டு அக்கா எங்க போவாங்கன்னு கேளும்மா என்றாள். அதற்குள் நீ வைத்துவிட்டாய். நல்லா இருக்குடா உன் நியாயம். அண்ணன்காரன் ஆபீசில் இருந்தால் கட்டில், இல்லாதவளுக்கு இரண்டு பஸ்ஸா? அந்தச் சலுகை எங்களுக்கு வேண்டவே வேண்டாம். தெருவை மறுபடி எண்ணச் சொல். சாயங்காலமாக வரச் சொல், நானே வீடு வீடாகக் கூட்டிப்போகிறேன்.

அந்த வரைபடம் உன் மேசை வழியாகத்தான் போயிற்றா, எனக்குத் தெரியாது. போயிருந்தால், அந்த வெள்ளையைப் பார்த்து உனக்கு ஒன்றும் உறைக்கவில்லையா? இரண்டாம் வகுப்பிலிருந்து அந்தப் பூட்டைப் பூட்டியவன் நீதானே. பள்ளிக்கூடப் பையைக் கீழே வைத்துவிட்டு, எக்கிப் பூட்டி, இழுத்துப் பார்த்து, தூங்கும்மா என்று சொல்லி ஜன்னல் வழியாகச் சாவியைப் போட்டுவிட்டு ஓடுவாய். பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்?

திட்டிவிட்டேன் என்று சாப்பிடாமல் படுக்காதே. உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் நீ நூறு வயசு நல்லா இருக்கணும். அடுத்த மாதம் பிறக்குமுன் எண்ண ஆள் வர வேண்டும், மறந்துவிடாதே. பகலில் வந்தால் பின்கதவைத் தட்டச் சொல்.

இப்படிக்கு,
ஆளில்லாத வீட்டிலிருந்து
உன் அம்மா