ஒரு கப் சர்க்கரையின் எடை

அன்பு அக்கா,

யாழினி பிழைத்துவிட்டாள். உனக்கு முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். மற்றதை மெதுவாகச் சொல்கிறேன்.

போன மழையில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ, மந்தைவெளி வீட்டுக்குத் திரும்பவே இல்லை. நீ இருந்தவரை உன் மகளின் சர்க்கரை நோய் எங்களுக்குப் பெரிதாகத் தெரிந்ததில்லை. அவள் எதைக் கேட்டாலும் அதில் எவ்வளவு மாவு, எவ்வளவு சர்க்கரை என்று மனக்கணக்குப் போட்டு, அதற்கேற்ற இன்சுலினைப் போட்டுவிடுவாய். இப்போது அந்தக் கணக்கு அவள் அப்பா, நம் மாமா தலையில்.

பிறந்தநாளுக்கு அம்மா செய்யும் கேக் போதும் என்றாள் யாழினி. மாமா முதல்முறையாக உன் ஓவனைத் திறந்தார். இரண்டு கப் மைதா, ஒரு கப் சர்க்கரை. நீ சர்க்கரையை மிக்ஸியில் பொடித்துத்தான் அளப்பாய் என்பதும் அவருக்கு நினைவிருந்தது. அப்படியே செய்தார். ஒரு கப் சர்க்கரை எத்தனை கிராம் என்று ஃபோனில் பார்த்தார். இருநூறு என்றது. அது பொடிக்காத சர்க்கரைக்கு. பொடித்தது அதே கப்பில் நூற்றிருபதுதான் பிடிக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கேக்கில் இல்லாத சர்க்கரைக்கும் சேர்த்து ஊசி போட்டுவிட்டார், அக்கா.

இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, வந்த பிள்ளைகளோடு ஆடினாள். பிறகு சோபாவில் சாய்ந்தாள். கழுத்தெல்லாம் வியர்வை. "சித்தி, லைட்ட போடேன்" என்றாள். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் சர்க்கரைத் தண்ணீர் கலக்குவதற்குள் நினைவு தப்பிவிட்டது.

ஆட்டோவில் மாமா மடியில் கிடந்தாள். சிக்னலில் வண்டிகள் நகரவில்லை. ஆட்டோக்காரர் இறங்கி ஓடி, "கொயந்தைக்கு முடியல நைனா, கொஞ்சம் ஒதுங்கு" என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார்.

குளுக்கோஸ் ஏறிய பிறகு கண் விழித்தாள். வராந்தாவில் மாமா கேட்டார்: "அவ இருந்திருந்தா இது நடந்திருக்குமா மாலதி?"

அதன் பிறகு அவர் ஊசியைத் தொடவில்லை. நான் திருவான்மியூரிலிருந்து துணிமணிகளோடு இங்கே வந்துவிட்டேன். டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி, உன் கப்பால் எல்லாவற்றையும் அளந்து நிறுத்தேன். மைதாவை அமுக்கி அள்ளினால் ஓர் எடை, சலித்துப் போட்டால் வேறொன்று. உனக்கு இதெல்லாம் தெரிந்திருந்ததே, யாரிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? இவ்வளவு சீக்கிரம் போவோம் என்று நீதான் எங்கே நினைத்தாய்.

நேற்று எல்லாவற்றையும் கிராமில் நிறுத்து கேக் செய்தேன். யாழினி தொடவில்லை. "இதுல எவ்ளோ இருக்கு?" என்று கேட்டாள். சொன்னேன். ஊசியை எடுத்து மாமாவிடம் நீட்டினாள்.

"சித்தி போடுவாங்கம்மா" என்றார்.

"நீயே போடுப்பா."

அவர் ஊசியை வாங்கிக்கொண்டார். அவள் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். பிறகு ஒரு துண்டை மெல்ல மென்று, "நல்லாருக்கு. அம்மா பண்றது மாதிரி இல்ல" என்றாள். மாமா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். அவளுக்குச் சர்க்கரை இறங்கவில்லை, ஏறவுமில்லை.

உன் கை ருசியைக் கொண்டுவருவேன் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. நிறுக்காமல் எதையும் அவள் தட்டில் வைக்க மாட்டேன். தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளும் வயது அவளுக்கு வரும்வரை இந்த வீட்டைவிட்டுப் போக மாட்டேன்.

உன் தங்கை, யாழினியின் சித்தி,
மாலதி