சமையற்காரரின் ஒன்பது பிள்ளைகள்

தஞ்சாவூர்
4.9.1989

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். திருக்காட்டுப்பள்ளியில் ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? போன சனிக்கிழமையும் வரவில்லை. கேட்டால் கிராமக் கணக்கு வேலை என்பீர்கள். போகட்டும்.

எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. மெஷின் ஒன்று, பிள்ளைகள் நாற்பத்தெட்டு பேர். அந்த ஒன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, ஏ.சி. அறையில் பூட்டி, சாவியை பிரின்சிபால் இடுப்பில் முடிந்துகொண்டார். கணக்கு நடத்திக்கொண்டிருந்த என்னை இதற்கும் போட்டுவிட்டார்கள். கரும்பலகையில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோனது, அவர்களுக்கும் புரியவில்லை.

அதனால் ஆளுக்கொரு பெயர் எழுதிய அட்டை கொடுத்து மைதானத்தில் வரிசையாக நிறுத்தப்போகிறேன். பக்கத்து அட்டையை மட்டும் பார்க்கலாம். அகர வரிசை தப்பினால் இருவரும் இடம் மாற வேண்டும். மெஷினும் உள்ளே அதைத்தான் செய்கிறது. நான் இட்டுக்கட்டிய பெயர்களைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். நிஜப் பட்டியல் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள்.

உங்கள்
ஞானாம்பாள்


திருக்காட்டுப்பள்ளி
11.9.1989

அன்புள்ள ஞானத்துக்கு,

கம்ப்யூட்டர் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் கபடி ஆடவிடுகிறாயாக்கும். நடத்து.

கிராம நிர்வாக அதிகாரி, அதுதான் வி.ஏ.ஓ., பெண்டாட்டிக்குப் பெயருக்கா பஞ்சம்? பழைய சிட்டாவிலிருந்து நாற்பத்தெட்டு பட்டாதாரர் பெயர்களை என் கையாலேயே எழுதி அனுப்பியிருக்கிறேன். தகப்பன் பெயர், சர்வே எண் எல்லாம் இருக்கிறது. வேலை முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடு.

துரைராசு


தஞ்சாவூர்
25.9.1989

அன்புள்ள அத்தானுக்கு,

முதல் நாள் பாடம் அருமையாகப் போனது. இருபது நிமிடத்தில் நாற்பத்தெட்டு பேரும் வரிசைக்கு வந்துவிட்டார்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது.

மறுநாள், அட்டையில் தகப்பன் பெயர் ஒன்றாக இருப்பவர்கள் சேர்ந்து நில்லுங்கள் என்றேன். ஒன்பது பேர் ஒரே கும்பலாக வந்து நின்றார்கள். தகப்பன் பெயர் சாமிதுரை. நீங்கள் வேலை பார்க்கிற ஊர்ப் பிள்ளை ஒருவன் வகுப்பில் இருக்கிறான், பக்கிரி. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "மிஸ், அவரு பண்ணை வீட்டு சமையல்காரருங்க. அவருக்குக் கல்யாணமே ஆவலைங்க!"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பிறகு பக்கிரி ஒவ்வொரு அட்டையாக வாங்கிப் பார்த்தான். ஒன்றில் இருந்த சர்வே எண் அவன் அப்பா இருபது வருஷமாக உழுகிற குத்தகை நிலத்தினுடையது. அந்த ஒன்பது அட்டைகளையும் புத்தகத்துக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனான்.

பண்ணை வீட்டார் சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடிய உச்சவரம்புக்கு மேல் இருந்த நிலத்தைப் பிறக்காத பிள்ளைகள் பெயரில் எழுதி வைத்திருக்கிறார்களா? உங்களுக்கு இது தெரியாதுதானே?

ஞானம்


திருக்காட்டுப்பள்ளி
9.10.1989

ஞானம்,

தெரியாமல் என்ன? நான் பொறுப்பேற்கும்போதே அப்படித்தான் இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவரும் பேசாமல்தான் இருந்தார். நிலத்தை உழுகிறவருக்கே பிரித்துத் தர வேண்டும் என்று பக்கிரியின் அப்பா தாசில்தாரிடம் மனு கொடுத்திருக்கிறார். கூடவே உன் அட்டைகள். பட்டியல் எப்படி வெளியே போனது என்று என்னைக் கேட்கிறார்கள். பண்ணையிலிருந்து உங்கள் கல்லூரிக் கமிட்டிக்கும் ஆள் போயிருக்கிறது.

எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. நான் உன்னைப் பார்க்க வந்தபோது அந்தப் பையன் என் பையிலிருந்து பட்டியலைத் திருடிவிட்டான் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடு. சின்ன வயசு, மன்னித்து விட்டுவிடுவார்கள். அப்படியே நீக்கினாலும் அவனுக்கு வேறு கல்லூரி கிடைக்காதா? எனக்கு வேறு வேலை கிடைக்குமா?

துரைராசு


தஞ்சாவூர்
16.10.1989

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உங்கள் கையெழுத்துதானா என்று சந்தேகமாக இருந்தது.

எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் ஊருக்கு வந்திருந்தபோது உங்களுக்குத் தெரியாமல் சிட்டாவைப் பார்த்து நானே குறித்துக்கொண்டேன் என்று. கமிட்டியார் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். எட்டு வருஷ வேலை. சாக்பீஸ் டப்பாவைக்கூட எண்ணி வாங்கிக்கொண்டார்கள். பக்கிரி பெயர் எங்கேயும் இல்லை. அவன் படிக்கிறான். பட்டியல் விஷயத்தில் உங்கள் வேலைக்கும் ஆபத்தில்லை.

நான் தோழி கமருன்னிஸா வீட்டு மாடியில் இருக்கிறேன். பத்துப் பிள்ளைகளாவது இங்கே பாடம் படிக்க வருகிறோம் என்கிறார்கள். அட்டை வெட்ட வேண்டும். எனக்குக் கோபம்கூட வரவில்லை அத்தான், அலுப்பாக இருக்கிறது. சனிக்கிழமை வராதீர்கள். அதற்கடுத்த சனிக்கிழமையும் வேண்டாம்.

அடுத்த மாதம் மனு விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த ஒன்பது பெயரும் பொய் என்று வி.ஏ.ஓ.வுக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியும் என்று சொல்லிவிடுவேன். உங்களுக்காக ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. இன்னொன்று என்னால் ஆகாது.

ஞானாம்பாள்