ஸ்டேஷன் வாசலில் நிறுத்திய கார்

என்னைக் கோபிக்காமலே போய்விட்ட அப்பாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி வருஷம் ஒன்று ஆகப்போகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. மற்றபடி எல்லோரும் சுகம். காரை நேற்று விற்றுவிட்டேன். பஸ் ஓடத் தொடங்கிய பிறகு என் வாடகைக் காரில் ஏற ஆளில்லை. பஸ்காரன் மேல் எனக்கு வந்த கோபம், என் மேல் உங்களுக்கு ஏன் வரவில்லை?

இளவயதில் நான் வாங்கிய முதல் கார் அது. காஜாங் பக்கம் ஒரு தோட்டத்துத் துரை ஓட்டித் தேய்த்த வண்டி. மழை வந்தால் கித்தான் கூரை ஒழுகும். தோள் கழலக் கைப்பிடியைச் சுற்றினால்தான் இஞ்சின் முனகும். ஆனாலும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், அம்மா சக்கரங்களுக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பிய காலையில், கோலாலம்பூரே எனக்குத்தான் என்று இருந்தது. உங்களையும் ஏறச் சொன்னேன். "எனக்குத்தான் ரயில்வே பாஸ் இருக்கே, ஒன் வண்டி எதுக்கு?" என்று சிரித்தீர்கள்.

அந்த வண்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்தினேன்? நீங்கள் டிக்கெட் பார்க்கும் அதே ஸ்டேஷன் வாசலில். "கிள்ளான், கிள்ளான். வீட்டு வாசல்லயே எறக்கிவிடுறேண்ணே, வாங்க" என்று, ரயிலுக்கு வந்தவர்களை என் காருக்கு இழுத்தேன். கேட்டுக்கு உள்ளே நீங்கள், வெளியே நான். கூட வேலை செய்தவர்கள் உங்களிடம் என்னென்ன சொல்லியிருப்பார்கள்? வீட்டில் நீங்கள் அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. "டயர் தேஞ்சிருக்கு, மழையில பாத்து ஓட்டு" என்பதோடு சரி.

பிறகு ரப்பர் விலை விழுந்தது, ஊரெல்லாம் பிழைப்புப் படுத்தது. ரயில்வேயில் ஆட்களைக் குறைத்தார்கள். உங்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். "ஒன் ஒத்தக் காராடா ரயிலையே கவுத்துடுச்சு? காலம் கெட்டுப்போச்சு, அவ்வளவுதான்" என்று அம்மா இன்றும் சமாதானம் சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் ஏற ஆளில்லாத ரயிலுக்கு டிக்கெட் பார்க்க ஆள் எதற்கு, அப்பா? எனக்கு மனசு உறுத்துகிறது.

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். வேலை போன மறுவாரம் ஸ்டேஷன் வாசலுக்கு வந்தீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தது, ஒரு சவாரியும் அமையவில்லை. ரயில்வே உடுப்பில்லாமல், வேட்டி சட்டையோடு என் பக்கத்தில் நின்று, ரயிலுக்கு ஆள் கூப்பிட்ட அதே கணீர்க் குரலில் "பத்து தீகா, கிள்ளான்" என்று ஊர்ப் பெயர் சொல்லி என் காருக்குக் கூப்பிட்டீர்கள். கேட்டில் நின்ற உங்கள் பழைய கூட்டாளி தலையைக் குனிந்துகொண்டார். நான் உங்களைத் தடுக்கவில்லை. வண்டி நிறைந்த சந்தோஷத்தில் ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். நீங்கள் வீட்டுக்கு எப்படித் திரும்பினீர்கள் என்றுகூட நான் கேட்கவில்லை.

போன வாரம் எனக்கு மகன் பிறந்திருக்கிறான். உங்கள் பெயரைத்தான் வைக்கிறோம். நாளைக்கு அவன் என் பிழைப்புக்கு எதிரிலேயே கடை போட்டாலும், பக்கத்தில் நின்று அவனுக்கு நான் ஆள் கூப்பிடுவேன். இது சத்தியம் அப்பா.

உங்கள் மூத்த மகன்,
மாணிக்கம்