சோம்பேறிச் சட்டி

மார்ச் 2, திங்கள்

காலை ஒன்பதரை. வீட்டில் இருக்கிறேன். இருக்கக் கூடாது.

ஏழரைக்கு வீட்டுக்காரியோடுதான் கிளம்பினேன். தெரு முனையில் இவள் பல் ஆஸ்பத்திரி வேலைக்குப் பஸ் ஏறினாள், வழக்கம்போல நின்று கையாட்டினேன். பிறகு கடை வேலைக்குப் போகிறவன் மாதிரி நாலு தெரு நடந்தேன், திரும்பி வந்துவிட்டேன். வேலை போய் இன்றோடு பதினோரு நாள். இவளுக்குத் தெரியாது.

கதவைத் திறந்ததும் வாசனை. வெங்காயமும் பூண்டும் சண்டை போடாமல் மெதுவாக இளகுகிற வாசனை. சமையல் மேடையில் ஸ்லோ குக்கர். மச்சான் கொடுத்தது. இவள் தம்பி, மின்சாமான் பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கிறான். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போய்விட்டார்களாம். உள்ளே கனமான பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி, முன்னால் சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரே ஒரு திருகு. காலையில் போட்டுவிட்டுப் போனால் சாயங்காலம் சூப். அவசரம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. சோம்பேறிச் சட்டி என்று பேர் வைத்தவள் இவள்தான். என்னைப் பார்த்துக்கொண்டே வைத்தாள்.

தினமும் சூப்புதான் இப்போது. ஊறவைத்த கொண்டைக்கடலை, கேரட், முட்டைக்கோஸின் வெளி இலை, காலிஃபிளவர் தண்டு, வெடித்த தக்காளி, மிளகு. சந்தை கலைகிற நேரத்தில் போனால் எல்லாம் சல்லிசாகக் கிடைக்கிறது. கறிக்கு ஒரு வருஷம் விடுமுறை. ஏப்ரல் ஆறாம் தேதி இவள் படிக்கப் போகிறாள், அதனால்தான். செயற்கைப் பல் செய்கிற படிப்பு, பகல் வகுப்பு. டாக்டர் கையில் கருவி எடுத்துக் கொடுத்தே பத்து வருஷம் போய்விட்டது, இனிமேல் என் கையால் ஒன்று செய்யணும் என்கிறாள். வேலையை விடுகிற கடிதத்தை எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறாள். இந்த மாத நடுவில் கொடுக்க வேண்டும்.

“ஒரு சம்பளத்துல ஓட்டிடலாங்க” என்றாள். அந்த ஒரு சம்பளம் என்னுடையது.

மார்ச் 3, செவ்வாய்

எப்படிப் போனது என்று எங்கேயாவது சொல்லியாக வேண்டும். வாயால் வரவில்லை, பேனாவாலாவது வரட்டும்.

மெத்தைக் கடை. பதினாலு வருஷம். அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். ஒருக்களித்துப் படுத்தால் தோள் வலிக்காதா என்று அந்தம்மா கேட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, இதோ பாருங்கள் என்று படுத்துக் காட்டினேன். அவ்வளவுதான் ஞாபகம். கண் விழித்தபோது மணி நாலு. யாரோ கடைப் போர்வையை எடுத்து என் கழுத்துவரை போர்த்தியிருந்தார்கள். வந்தவர்கள் அந்த மெத்தையையே வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். இதைவிட என்ன விளம்பரம் வேண்டும்? ஆனால் மேலாளருக்கு அது எடுபடவில்லை. படுக்கிறது வாங்க வருகிறவர்கள் வேலை, உங்கள் வேலை நிற்கிறது என்றார். மூன்றாவது தடவை வேறு. (முதல் இரண்டு தடவை சின்னத் தூக்கம்.) நின்ற நாள்வரைக்கும் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வேலை போச்சு என்று சொல்லிவிடலாம். தூங்கிப் போச்சு என்று எப்படிச் சொல்வது? பத்து வருஷமாக நின்றுகொண்டே வேலை பார்க்கிறவளிடம்?

மார்ச் 4, புதன்

சொல்லவில்லை. நாளைக்கு.

மார்ச் 5, வியாழன்

முதல் வாரம் பூங்காவில் உட்கார்ந்தேன், நூலகத்தில் உட்கார்ந்தேன். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது, வீட்டுக்கு ஓடி வந்தேன். அப்போது ஆரம்பித்ததுதான் இந்தச் சட்டியோடு குடித்தனம்.

நாற்காலியை மேடையோரம் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். மூடியின் உட்புறம் முழுக்க நீர்த்துளி. ஒவ்வொன்றாகப் பருத்து, தயங்கி, நழுவி விழுகிறது. வெளியே வெயில், சட்டிக்குள் மட்டும் மழை. கொஞ்ச நேரம் பார்த்தால் போதும், கண் செருகிவிடும். இன்றைக்குக் கனவில் மெத்தைக் கடை முழுக்க ஆவி. மெத்தைகள் எல்லாம் தரையிலிருந்து ஒரு சாண் மேலே மிதக்கின்றன. இவள் ஆஸ்பத்திரி உடுப்போடு நடுவில் நடந்து வருகிறாள், ஒவ்வொரு மெத்தையாக அழுத்திப் பார்க்கிறாள், எதையோ தேடுகிறாள். நான் எந்த மெத்தையில் இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தால் வெறும் ஆவிதான் வருகிறது.

விழித்து எழுந்து மூடியைத் திறந்தேன். திறந்தால்தான் முகத்தில் அந்தச் சூடு படும். கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரமோ. மூடிவிட்டு உட்கார்ந்தேன், திரும்பவும் திறந்தேன். ஒரு நாளைக்குப் பத்து தடவை இருக்கும். வீட்டில் என்னோடு பேசுகிற ஒரே ஜீவன் அதுதான், குமிழி விட்டுக்கொண்டு.

மார்ச் 6, வெள்ளி

கடலை வேகவில்லை. நாலு நாளாக இதே கதை. காய் மட்டும் பேருக்கு வெந்திருக்கிறது, கடலை கோலிக்குண்டு.

இவள் ஒன்றை வாயில் போட்டு, கடித்து, தாடையைப் பிடித்துக்கொண்டாள். இதைத் தின்று பல் போனால் எங்கள் டாக்டருக்குத்தான் யோகம் என்றாள். கடைக்காரன் போன வருஷத்துச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டானாம். நான் கடுக்கு மொடுக்கென்று தட்டு முழுக்கத் தின்றேன். நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மார்ச் 8, ஞாயிறு

சந்தைக்குப் போனோம். வேறு கடைக் கடலை வாங்கினாள், சோடா உப்புப் போட்டு ஊறவைத்தாள். நான் காலிஃபிளவர் தண்டை நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்று வகுப்புக்கு வெள்ளைக் கோட்டு வாங்க வேண்டும், சின்ன அளவா நடு அளவா என்று கேட்டாள். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஒருத்தன் இடிக்கிறான். வாயைத் திறந்தேன்.

“நடு அளவு” என்றேன்.

தூ. நீயெல்லாம் ஒரு மனுஷன்.

மார்ச் 10, செவ்வாய்

கட்டில், பீரோ விற்கிற பெரிய கடையில் வேலை கேட்டுப் போனேன். பேரைச் சொன்னதும் முதலாளி போனை எடுத்து எதையோ தேடிக் காட்டினார். போர்வையைப் போர்த்திக்கொண்டு வாயைப் பிளந்து தூங்குகிற நான். கடையில் யாரோ எடுத்த படம், ஊர் முழுக்கச் சுற்றியிருக்கிறது. “அந்த ஆளு நீங்கதானா?” என்று சிரித்தார். கெட்டவர் இல்லை, டீ வாங்கிக் கொடுத்தார். வேலைதான் கொடுக்கவில்லை.

திரும்பி வந்து சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். திறந்தேன்.

மார்ச் 12, வியாழன்

புதுக் கடலையும் வேகவில்லை. கடலைக்காரன் தப்பித்தான், பழி சட்டி மேல் விழுந்தது. இவள் காலையில் அதைத் துணியில் கட்டி மச்சான் கடையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். சூடு ஏறவில்லை, பிரித்துப் பார் என்று சொன்னாளாம்.

மேடை காலியாக இருக்கிறது. வீட்டில் வாசனை இல்லை, சத்தம் இல்லை. குற்றம் ஒன்றும் செய்யாத சட்டியை ஸ்டேஷனுக்கு அனுப்பின மாதிரி இருக்கிறது எனக்கு.

மார்ச் 15, ஞாயிறு

மத்தியானம் மச்சான் வந்தான். சட்டியோடு, சட்டி நிறைய சூப்போடு. அவன் கடையில் அதே கடலை, அதே காய், அதே தண்ணீர் வைத்து எட்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்திருக்கிறான். கடலையை நாக்கால் நசுக்கலாம். மிஷினில் ஒரு குற்றமும் இல்லை அக்கா என்றான். பிறகு பாடம் எடுத்தான். இதில் சூடு மெல்லத்தான் சேரும். ஒரு தடவை மூடியைத் திறந்தால் போன சூடு திரும்பி வர அரை மணி ஆகும். பகலில் யாராவது திறந்து திறந்து பார்த்தால் கடலை ஜென்மத்துக்கும் வேகாது.

“பகல்ல வீட்ல யாருடா இருக்கா?” என்றாள் இவள்.

மச்சான் தோளைக் குலுக்கினான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது சுற்றவில்லை. ஜன்னல் வழியாகப் பூனை ஏதாவது வந்திருக்கும் என்று சொல்லி வைத்தேன். கண்ணாடி மூடியைத் தூக்குகிற பூனையா மாமா, பலே பூனைதான் என்று மச்சான் சிரித்தான். இவள் சிரிக்கவில்லை. இன்னொரு கரண்டி சூப் ஊற்றினாள் எனக்கு.

ஆக, நான்தான். பத்து நாளாக அவளுடைய சாப்பாட்டைக் கெடுத்தது நான்தான். அது எனக்குத் தெரியவே தெரியாது.

மார்ச் 16, திங்கள். மாலை நாலு மணி

இன்றைக்கு ஒரு தடவைகூடத் திறக்கவில்லை!

எவ்வளவு கஷ்டம் தெரியுமா. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினோரு மணிக்கு வாசனை வந்தது, எழுந்து போய் முன்னறையில் படுத்துக்கொண்டேன். தூங்கினேன். கனவில் யாரோ சட்டிக்குள் விரலால் தட்டுகிறார்கள். திறக்கவில்லை. மூடியில் நீர்த்திரை கட்டி, உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. நன்றாக வெந்திருக்கும். இன்றைக்கு அவள் நிம்மதியாகச் சாப்பிடட்டும். சாப்பிட்டு முடித்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். சத்தியமாக.

மார்ச் 17, செவ்வாய்

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஏழு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். வெண்ணெய் மாதிரி வெந்திருந்தது கடலை. ஆஹா என்றேன். இவள் ஒன்றை எடுத்து இரண்டு விரலால் நசுக்கினாள். இன்னொன்றை நசுக்கினாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நேத்து என் தம்பி சொன்னத மூணு பேருதான் கேட்டோம். அவன் கடையில இருந்தான். நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். இன்னைக்கு யாரு திறக்காம இருந்தது?”

திறந்தவரைக்கும் மாட்டவில்லை, திறக்காமல் இருந்து மாட்டிக்கொண்டேன். என்னைத் தவிர எந்த மடையனுக்கும் இப்படி நடக்காது.

சொன்னேன். மெத்தை, போர்வை, மேலாளர், பூங்கா, மழை, எல்லாம். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கனவைக்கூடச் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை.

கடைசியில் சொன்னாள்: “லெட்டர இன்னைக்குக் காலையில கொடுத்துட்டேன்.”

ஐயோ. ஐயோ. ஒரு நாள். ஒரே ஒரு நாள் முன்னால் வாயைத் திறந்திருந்தால்.

மார்ச் 19, வியாழன்

பேச்சு இல்லை. உப்பு டப்பாவைக்கூட எழுந்து வந்து அவளே எடுத்துக்கொள்கிறாள். காலையில் தனியாகப் போகிறாள்.

மார்ச் 20, வெள்ளி

டாக்டரைப் பார்த்துக் கடிதத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன். இவளே பார்த்துவிட்டாள், கையுறையோடு வெளியே வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது.

“என் லெட்டர வாங்க நீங்க யாரு? நான் படிக்கத்தான் போறேன். நீங்க வேலை தேடுங்க. கிடைக்கிற வரைக்கும் சூப்பு.”

நாலு நாளில் முதல் பேச்சு. நடுத்தெருவில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நடை லேசாக இருந்தது, ஏன் என்று தெரியவில்லை.

மார்ச் 21 முதல் 29 வரை

ஏழு இடம் கேட்டாயிற்று. இல்லை.

மார்ச் 30, திங்கள்

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் எடுத்துக்கொண்டார்கள். காலை ஆறு முதல் இரண்டு. வெந்நீர் ஆவிக்கு நடுவே நின்று படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. முந்தின சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. மேற்பார்வை பார்க்கிற அம்மாவிடம் நானாகவே சொல்லிவிட்டேன், மத்தியானம் ஆனால் தூக்கம் வரும், இதற்கு முன்னால் வேலை போனதே அதனால்தான் என்று. அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். இங்கே தூங்கினால் உங்களையும் சேர்த்து மடித்துவிடுவார்கள் என்றார்.

இவளிடம் வந்து சொன்னேன். சரி என்றாள். சனிக்கிழமை மட்டும் பழைய டாக்டரிடம் வேலைக்குப் போகப் பேசியிருக்கிறாளாம். அவ்வளவுதான் பேசினோம்.

ஏப்ரல் 6, திங்கள்

வகுப்பு ஆரம்பம். கோட்டு நடு அளவு, கொஞ்சம் தொளதொள.

ஏப்ரல் 19, ஞாயிறு

பேசுகிறாள். காய் வாங்கணும், தண்ணீர் வரவில்லை, சட்டித் திருகைக் குறைத்து வையுங்கள். இந்த மாதிரி. அதற்கு மேல் ஒரு கதவு சாத்தியிருக்கிறது. தட்டப் பயமாக இருக்கிறது.

மே 10, ஞாயிறு

வீட்டில் யாராவது ஒருவர் பல்வரிசையை அச்செடுத்து வரச் சொல்லி வகுப்பில் வேலை கொடுத்திருக்கிறார்களாம். என்னைத்தான் உட்கார வைத்தாள். தலையைச் சுவரில் சாய்த்து, கழுத்தில் துண்டைக் கட்டினாள். இளஞ்சிவப்புப் பசையைக் கிண்ணத்தில் போட்டு அடி அடி என்று அடித்துக் குழைத்து, பல்வரிசை மாதிரி வளைந்த தகட்டில் வழித்து, வாய்க்குள் அமுக்கினாள். சில்லென்று இருந்தது. மூன்று நிமிஷம் அசையக் கூடாது, மூக்கால் மூச்சு விடுங்கள் என்றாள். ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில். இவ்வளவு பக்கத்தில் இவளைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

தகட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

“வேலை போனதுக்கு நான் கோபப்படல. தூங்கினதுக்கும் இல்ல. தினமும் முனையில நின்னு கையாட்டுவீங்க. பஸ்ஸு திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டே போவேன். அந்த நாள் முழுக்க எனக்கு அது போதும். அதுவும் பொய்யின்னு ஆயிடுச்சேன்னுதான் எனக்குப் பேச்சே வரல.”

நான் ஏதோ சொல்ல வந்தேன். தொண்டையிலிருந்து சத்தம் மட்டும் வந்தது.

“அசையாதீங்க. அச்சு கெட்டுடும்.”

கொஞ்ச நேரம் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“இப்ப யோசிச்சுப் பாத்தா, போறதா சொன்ன இடம்தான் பொய். கையாட்டினது நெசந்தான்னு தோணுது.”

என் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கக் கை தூக்கினேன், விடவில்லை. துண்டு நுனியால் அவளே துடைத்தாள். பிறகு தகட்டை ஒரே இழுப்பில் வெளியே எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வாய் கொப்பளித்துவிட்டு வருவதற்குள் நான் சொல்ல நினைத்ததெல்லாம் மறந்துவிட்டது. அச்சு நன்றாக விழுந்திருக்கிறது, நாளைக்குக் காலையில் முனைவரைக்கும் சேர்ந்து போகலாமா என்றாள்.

எனக்கு ஆறு மணிக்கு வேலை, அவளுக்கு ஒன்பதுக்கு வகுப்பு. அஞ்சரைக்கே கிளம்பி வருகிறாளாம்.